செயற்பாட்டுப் பெருக்கியின் மும்முனைப் போட்டி

கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்பது பழமொழி. இரண்டு ஆசைகளுக்கே இத்துணை இடர்ப்பாடு எனின், ஒன்றோடொன்று முரணும் மூன்று ஆசைகளை ஒருங்கே நிறைவேற்ற முயல்வோர் நிலை என்னாகும்? செயற்பாட்டுப் பெருக்கியைக் கொண்டு மின்சுற்று அமைப்போர் நாள்தோறும் எதிர்கொள்ளும் வினா இதுவே. இரைச்சல் குறைதல் வேண்டும். விரைவு மிகுதல் வேண்டும். மின்செலவு சுருங்குதல் வேண்டும். இம்மூன்றும் ஒரே பெருக்கியில் முழுமையாக அமைவதில்லை. இதற்குக் காரணம் தொழில்திறக் குறைவு அன்று; இயற்கையின் விதியே ஆகும்.

பெயரும் தோற்றமும்

'செயற்பாடு' என்பது ஈண்டுக் கணிதச் செயலைக் குறிக்கும். கூட்டல், கழித்தல், தொகையீடு முதலியவற்றை மின்னழுத்தங்களைக் கொண்டே செய்து முடிக்கும் கணக்கிடு பொறிகளில் இப்பெருக்கி பயன்பட்டது. அறிஞர் ராகசினியும் அவருடைய துணைவர் இருவரும் 1947இல் வெளியிட்ட ஆய்வுரையில் இப்பெயர் இடம்பெற்றது. அக்காலப் பெருக்கிகள் வெற்றிடக் குழாய்களால் ஆனவை. பின்னர் ஃபேர்ச்சைல்டு நிறுவனத்தில் ராபர்ட் வைட்லர் 1965இல் 709 என்னும் சில்லையும், டேவ் ஃபுல்லகர் 1968இல் 741 என்னும் சில்லையும் உருவாக்கினர். அதன்பின் பெருக்கி எளிதிற் கிடைக்கும் சிறு பொருளாயிற்று.

இரைச்சல்

இரைச்சல் என்றதும் செவிக்குக் கேட்கும் ஒலியே நினைவிற்கு வரும். மின்னணுவியலிலோ, குறிப்பலையோடு கலந்து அதனை மறைக்கும் ஒழுங்கற்ற மின்நடுக்கமே இரைச்சல் எனப்படும். வெப்பத்தால் மின்தடைக்குள் எலெக்ட்ரான்கள் ஓயாது அலைகின்றன. அவ்வலைச்சலே நடுக்கமாக வெளிப்படுகின்றது. பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஜான்சன், நைக்விஸ்ட் ஆகிய இருவரும் 1928இல் இதனை விளக்கினர்.

அறை வெப்பநிலையில், 10,000 ஹெர்ட்ஸ் அகலமுள்ள அலைவரிசையில், 1,000 ஓம் தடை தரும் இரைச்சல் ஏறத்தாழ 0.4 மைக்ரோ வோல்ட்டு ஆகும். 1,00,000 ஓம் தடையாயின் அது 4 மைக்ரோ வோல்ட்டு. எனவே சிறிய தடையே சிறந்தது எனத் தோன்றும். ஆனால் 1 வோல்ட்டு அழுத்தத்தில் 1,000 ஓம் தடை 1 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தை விழுங்கும். 1,00,000 ஓம் தடைக்கோ அதில் நூற்றில் ஒரு பங்கே போதும். இரைச்சலைக் குறைத்தால் மின்செலவு ஏறுகின்றது.

பெருக்கியின் உள்ளேயும் இதே நிலைதான். அதன் வாயிலில் அமைந்த டிரான்சிஸ்டரின் அழுத்த இரைச்சல், மின்னோட்டத்தின் வர்க்கமூலத்திற்கு எதிர்விகிதத்தில் அமையும். இரைச்சலைப் பாதியாக்க மின்னோட்டத்தை நான்கு மடங்காக்க வேண்டும்.

விரைவு

குழாய் சிறிதாயின் தொட்டி நிரம்பக் காலம் பிடிக்கும். 741 சில்லின் உள்ளே 30 பிக்கோ ஃபாரடு மின்தேக்கி ஒன்று தொட்டியாக அமைந்துள்ளது. பின்னூட்டத்தின்போது பெருக்கி தானே அலைவுறாமல் காப்பது அதன் கடமை. அதனை நிரப்பும் மின்னோட்டமோ 20 மைக்ரோ ஆம்பியருக்கும் சற்றுக் குறைவு. ஆகவே வெளியீடு மைக்ரோ செகண்டுக்கு ஏறத்தாழ 0.5 வோல்ட்டுக்கு மேல் ஏற இயலாது. 10 வோல்ட்டு உச்சமுள்ள அலையைச் சிதையாமல் தர வேண்டுமாயின், ஏறத்தாழ 8,000 ஹெர்ட்ஸே அதன் எல்லை.

மின்னோட்டத்தைக் கூட்டி விரைவை உயர்த்தினால் மின்செலவு மிகும். டிரான்சிஸ்டருடன் தடைகளைச் சேர்த்து விரைவைப் பெற முயன்றால், அத்தடைகளே புதிய இரைச்சலைக் கொணரும். மேலும், அலைவரிசை அகல அகல உட்புகும் இரைச்சலும் மிகும். கதவை அகலத் திறந்தால் காற்றோடு தூசியும் வருதல் போன்றது இது.

மின்செலவு

எம்சிபி 6041 என்னும் சில்லு 0.6 மைக்ரோ ஆம்பியரிலேயே இயங்கும். கணக்களவில், 220 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள நாணய வடிவ மின்கலம் அதனை 40 ஆண்டுகள் இயக்கும். சில்லு ஓயுமுன் மின்கலமே தானாக வலுவிழந்துவிடும். எல்டி 1028 என்னும் சில்லோ 7.4 மில்லி ஆம்பியர் கொள்ளும். அதே கொள்ளளவு அதற்கு 30 மணி நேரமே தாங்கும். ஆயினும் முன்னதன் இரைச்சல் பின்னதனைப் போல் பன்மடங்கு. அதன் விரைவும் மிகக் குறைவு.

பொருத்தம் அறிதல்

அங்ஙனமாயின், இரைச்சல் மிகக் குறைந்த சில்லையே எங்கும் பயன்படுத்தலாமே எனின், அதுவும் பிழை. எல்டி 1028இன் அழுத்த இரைச்சல் மிகச் சிறிது. அதன் மின்னோட்ட இரைச்சலோ சிறிதன்று. 1,00,000 ஓம் தடையுள்ள மூலத்துடன் இணைத்தால், மேற்கூறிய அலைவரிசையில் அம்மின்னோட்ட இரைச்சல் 10 மைக்ரோ வோல்ட்டு நடுக்கத்தை விளைவிக்கும். தடையின் சொந்த இரைச்சலோ 4 மட்டுமே. பட்டியலில் முதலிடம் பெற்றது பயன்பாட்டில் கடைசியாகின்றது. இத்தகைய இடத்தில், வாயிலில் மின்னோட்டம் ஏறக்குறைய இல்லாத புலவிளைவு டிரான்சிஸ்டர் கொண்ட பெருக்கியே தக்கது.

உடலில் அணியும் இதயத்துடிப்புப் பதிவுக் கருவியை எண்ணிப் பார்த்தால் இது தெளிவாகும். தோலில் கிடைக்கும் குறிப்பலை ஏறத்தாழ 1 மில்லி வோல்ட்டு. மருத்துவர் காண வேண்டிய சிற்றலையோ அதனினும் சிறிது. தோலும் மின்வாயும் சேர்ந்த தடை பல்லாயிரம் ஓம் வரை உயரக்கூடும். இரைச்சல் மிகுந்தால் சிற்றலை மறையும். மின்கலம் நள்ளிரவில் ஓய்ந்தால் பதிவே இல்லாமற் போகும். ஆனால் 150 ஹெர்ட்ஸ் அகலமே இங்குப் பெரும்பாலும் போதும். ஆகவே விரைவை விட்டுக்கொடுக்கலாம். 10,000 ஹெர்ட்ஸ் அகலத்தை 150ஆகச் சுருக்கினாலே வெப்ப இரைச்சல் எட்டில் ஒரு பங்காகிவிடும். தேவையற்ற விரைவைத் துறந்து, தேவையான தெளிவும் நீடித்த உழைப்பும் பெறப்படுகின்றன.

எல்லாவற்றிலும் சிறந்த பெருக்கி என ஒன்று இல்லை. மூலத்தின் தடை எவ்வளவு, அலையின் விரைவு எவ்வளவு, மின்கலம் தாங்குவது எவ்வளவு என்னும் மூன்று வினாக்களுக்கு முதலில் விடை கண்டு, எதனை இழக்கலாம் என்று துணிந்த பின்னரே சில்லைத் தேர்தல் வேண்டும். வேண்டுவதை அறிதலினும் விடத்தக்கதை அறிதலே இக்கலையின் உயிர்நாடி எனலாம்.