பென்ஷனுக்குத் துணையாக ஓர் அட்டை

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெறும் நாளன்று மாலை போடுவார்கள், பாராட்டிப் பேசுவார்கள், காரில் ஏற்றி வீட்டு வாசல் வரை கொண்டு வந்தும் விடுவார்கள். மறு மாதத்திலிருந்து வருமானம் பாதியாகிவிடும். ஆனால் ரத்த அழுத்தமும், சர்க்கரையும், முழங்கால் வலியும் பாதியாகின்றனவா? அவை மட்டும் 'பிரமோஷன்' பெற்றுக்கொண்டே போகின்றன! இந்தக் கணக்கை வீட்டில் முதலில் உணருகிறவள் இல்லத்தரசிதான். மளிகைப் பட்டியலைச் சுருக்கலாம். மருந்துப் பட்டியலை எப்படிச் சுருக்குவது?

மத்திய சர்க்காரில் வேலை பார்த்து, சிவில் பென்ஷன் வாங்கும் குடும்பங்களுக்கு இதற்கு ஒரு வழி உண்டு. 'சி.ஜி.எச்.எஸ்.' என்று சொல்லப்படும் மத்திய அரசு சுகாதாரத் திட்டம் 1954-ல் டில்லியில் ஆரம்பமாயிற்று. இன்று சென்னை உள்பட நாட்டின் பல நகரங்களில் அதன் மருத்துவ நிலையங்கள் இருக்கின்றன. உத்தியோக காலத்தில் சேராதவர்களும் ஓய்வுக்குப் பின் சேரலாம். ரயில்வேக்காரர்களுக்கும் ராணுவத்தில் இருந்தவர்களுக்கும் தனித் திட்டங்கள் உண்டு.

செலவு என்ன? 2017-ல் நிர்ணயித்தபடி, சம்பள நிலைக்குத் தக்கவாறு மாதச் சந்தா 250, 450, 650, 1,000 ரூபாய் என்று நான்கு படிகள். பென்ஷன்தாரர் இதை வருஷா வருஷம் கட்டலாம். அல்லது பத்து வருஷச் சந்தாவை ஒரே தடவையில் கட்டி, ஆயுள் முழுவதற்கும் அட்டை பெறலாம். மாதம் 650 ரூபாய்ப் படியில் இருப்பவருக்கு அது 78,000 ரூபாய் ஆகிறது. பெரிய தொகைதான். ஆனால் பதினோராவது வருஷத்திலிருந்து சந்தா கிடையாது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

அறுபது வயதில் புதிதாகத் தனியார் இன்ஷூரன்ஸ் எடுக்கப் போனால், "ஏற்கெனவே என்ன வியாதி?" என்ற கேள்விதான் முதலில் வரும். பழைய வியாதிக்குச் சில வருஷம் காத்திருக்கச் சொல்வதும் உண்டு. வயது ஏற ஏறப் பிரீமியமும் ஏறும். இங்கே அந்தத் தொல்லை இல்லை. டாக்டரைப் பார்ப்பது, மாத மருந்து, பரிசோதனை, ஆஸ்பத்திரி வாசம் எல்லாம் இதில் அடங்கும். திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிகளில் பென்ஷன்தாரர் ரொக்கம் கொடுக்காமலே சிகிச்சை பெறலாம்.

சகோதரிகள் கவனிக்க வேண்டிய விஷயம் இனிமேல்தான் வருகிறது. மனைவிக்குத் தனி வருமானம் இருந்தாலும் கணவரின் அட்டையில் அவளுக்கு இடம் உண்டு. தகப்பனாரை நம்பியிருக்கும் விதவை மகளுக்கும், விவாகரத்தான மகளுக்கும் உண்டு. கணவர் காலமான பிறகு குடும்பப் பென்ஷன் பெறும் மனைவி, அட்டையைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். துணையை இழந்த நேரத்தில் மருந்துக்காகப் பிள்ளைகளிடம் கையேந்தாமல் இருப்பது சிறிய ஆறுதலா, என்ன?

நிலையம் இல்லாத ஊரில் இருக்கும் சிலர், "மாதம் 1,000 ரூபாய் மருத்துவப் படி கிடைக்கிறதே, அட்டை எதற்கு?" என்று இருந்துவிடுகிறார்கள். இரண்டையும் சேர்த்துப் பெற முடியும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. வெளிநோயாளிச் செலவுக்குப் படியை வாங்கிக்கொண்டு, ஆஸ்பத்திரியில் தங்கிச் சிகிச்சை பெறுவதற்கு மட்டும் அட்டை எடுத்துக்கொள்ளலாம். அவசர ஆபரேஷன் என்று வந்தால், வருஷத்துக்கு 12,000 ரூபாய் எந்த மூலைக்கு?

குறைகளும் இல்லாமலில்லை. பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிகளுக்குத்தான் போக வேண்டும். அவசரத்தில் வேறு இடத்தில் சேர்த்தால், சர்க்கார் விகிதப்படிதான் பணம் திரும்பும். மீதி நம் தலையில். சம்பள நிலைக்கு ஏற்ற வார்டுதான் கிடைக்கும். நிலையத்தில் கூட்டமும் இருக்கும். கையில் நம் பத்திரிகையையும் கொண்டு போவது நல்லது!

ஆகவே, வீட்டுக்காரர் ஓய்வு பெறச் சில மாதங்கள் இருக்கும்போதே பேச்சை எடுங்கள். ஓய்வுப் பணம் கைக்கு வந்ததும் அதற்கு ஆயிரம் செலவு முளைத்துவிடும். முதலில் சந்தாவை ஒதுக்கச் சொல்லுங்கள். அட்டை வந்ததும் உங்கள் பெயரும் வயதும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பக்கத்திலுள்ள ஆஸ்பத்திரிகளின் பட்டியலை எழுதி, காலண்டருக்கு அருகில் மாட்டி வையுங்கள். நடு இரவில் தேடுவதற்கு அது உகந்த பொருள் அல்ல.