சேய்மை குறிக்கும் கிரேக்க வினையடை 'மக்ரான்': எல்லை வழக்கின் 'அகலெ', 'தூரம்' ஆகியவற்றோடு ஓர் ஒப்பீடு

'நெடிய' எனப் பொருள்படும் 'மக்ரோஸ்' என்னும் கிரேக்கப் பெயரடையின் பெண்பால் இரண்டாம் வேற்றுமை வடிவமே 'மக்ரான்'. 'வழி' என்னும் பெண்பாற்பெயர் தொக்குப்போக, எஞ்சிய அடை வினையடையாக நிலைபெற்றது. புதிய ஏற்பாட்டில் இச்சொல் 10 இடங்களில் வருகிறது. தமிழும் மலையாளமும் அடுத்தடுத்து வழங்கும் பாறசாலை, நெய்யாற்றின்கரைச் சிற்றூர்களில் இதனைப் பெயர்ப்போர் சொற்பஞ்சத்தைக் காட்டிலும் சொல்மிகுதியால் இடர்ப்படுகின்றனர். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. சொற்கள் அவ்வாறு பிரிந்து நிற்கவில்லை.

மக்ரான் அளவு சுட்டும் சொல்லன்று. யோவான் 21:8இல் படகு கரைக்கு 'மக்ரான் அல்ல' என்று கூறியபின், ஏறத்தாழ 200 முழம் (சுமார் 90 மீட்டர்) என அளவு தனியே தரப்படுகிறது. மத்தேயு 8:30இல் பன்றிக்கூட்டம் 'மக்ரான்' மேய்கிறது; ஆயினும் அது காட்சிக்குள் அடங்கியே நிற்கிறது. இவ்விடத்தில் இலத்தீன் வுல்காத்தா எதிர்மறை சேர்த்து 'தொலைவில் அன்று' என்றே மாற்றிவிட்டது. 1871ஆம் ஆண்டுத் திருப்புதலின் வழிவந்த தமிழ் 'கொஞ்சதூரம்' என்று நடுவழி காண்கிறது. 1910ஆம் ஆண்டு மலையாள மொழிபெயர்ப்பின் 'அகலெ' மூலத்துக்கு மிக நெருங்கியது எனலாம். அதுவும் நோக்குவோர் நிற்கும் இடத்திலிருந்து விலகியுள்ளதையே சுட்டுகிறது, எவ்வளவு என்று கூறுவதில்லை.

ஆனால் 'அகலெ'யைத் தமிழுக்கு அப்படியே கொண்டுவர இயலாது. 'அகல்' என்னும் ஒரே வினையடியிலிருந்து தமிழில் 'அகலம்' பக்கவிரிவையும், இன்றைய மலையாளத்தில் முதன்மையாக இடைத்தொலைவையும் குறிக்கின்றன. நெய்யாற்றின் அகலம் என்று தமிழர் கூறுவதை மலையாளி 'வீதி' என்பார். எழுத்தும் ஒலியும் ஒத்திருப்பதாலேயே இப்பிழை மெய்ப்புத் திருத்துவோர் கண்ணுக்கும் தப்பிவிடுகிறது.

'தூரம்' இடரற்றதா எனில், அதுவும் இல்லை. 'தூரப் போ', 'தூர எறி' என்னும் தொடர்களில் அது தொலைவைவிட விலக்கலையே உணர்த்துகிறது. 'வீட்டுக்குத் தூரம்' என்பது மாதவிலக்கைச் சுட்டும் இடக்கரடக்கல். எபேசியர் 2:13இல் மக்ரானாக இருந்தவர்கள் அருகில் கொணரப்பட்டனர் எனப்படும்போது, அடுத்த வசனம் பிரிக்கும் சுவரைப் பேசுகிறது. அங்குள்ள தொலைவு சடங்குவழிப்பட்டது. ஆகவே மற்ற இடங்களில் குறையாகத் தோன்றும் தீட்டுச் சாயல் இங்கே பொருளுக்கு வலுச் சேர்க்கிறது. சாதிக்கேற்ப விலகி நிற்க வேண்டிய தொலைவுக்குத் 'தீண்டாப்பாடு' என்று பெயரே இருந்த திருவிதாங்கூரில் இதற்கு விளக்கவுரை வேண்டியதில்லை. நாராயண குரு 1888இல் சிவலிங்கம் நிறுவிய அருவிப்புறம் இவ்வட்டத்திலேயே உள்ளது; கோயில் நுழைவுப் பிரகடனம் 1936இல்தான் வந்தது. மலையாளத்தின் 'தூரஸ்தர்' என்னும் வடசொல்லாக்கம் செம்மையானதே. எனினும் இந்த உறைப்பு அதில் இல்லை.

அப்போஸ்தலர் 17:27இல் நிலைமை தலைகீழாகிறது. இறைவன் நம்மில் எவருக்கும் மக்ரான் அல்லர் என்னுமிடத்தில் மலையாளம் 'அகன்றிரு' என்னும் வினையை ஆள்கிறது. தமிழ்ச் செவிக்கு 'அகன்று' என்றதும் முன்பு அருகிருந்து பின்னர் விலகிய செயலே தோன்றும். கிரேக்கத்திலோ மக்ரானோடு வருவது 'இருத்தல்' என்னும் நிலைவினை. இங்குத் தமிழின் 'தூரமானவர்' என்னும் வடிவமே தகும்.