கார்பெட் ஏரியா தெரியுமா? பாதி சிஎஸ்எஸ் தெரியும்!

மும்பையில் வீடு தேடி அலைந்தவர்களுக்கு ஒரு பாடம் தானாகவே வந்துவிடும். புரோக்கர் "ஐந்நூறு சதுர அடி" என்பார். உள்ளே போய்ப் பார்த்தால் கட்டிலைப் போட்டபின் பீரோவுக்கு இடம் இருக்காது. கேட்டால், அவர் சொன்னது பில்ட்-அப் ஏரியாவாம். சுவரின் தடிமனும் அதில் சேர்த்தி. நாம் பாய் விரித்துப் படுக்கப்போவது கார்பெட் ஏரியாவில். செம்பூரில் ஃபிளாட் வாங்குகிறவருக்கும் சரி, தாராவியில் பத்துக்குப் பன்னிரண்டு 'கோலி'யில் (ஒற்றை அறையில்) ஆறு பேராகக் குடியிருப்பவருக்கும் சரி, இந்த இரண்டு வார்த்தைகளுக்கும் உள்ள வித்தியாசத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இணையதளம் வடிவமைக்கக் கற்றுக்கொள்கிற பிள்ளைகள் முதல் மாதத்திலேயே முட்டிக்கொள்ளும் இடமும் இதுதான்.

தாராவியில் தொண்ணூறு அடி ரோட்டுப் பக்கம் ஒரு மாடி அறையில் ஞாயிற்றுக்கிழமைகளில் பத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறேன். ஐந்து பழைய லேப்டாப்கள், ஒரு மின்விசிறி. அதில் ஒரு பெண்ணின் வீட்டில் இட்லி வியாபாரம். விடியுமுன்பே வேகவைத்து, அலுமினியக் குண்டானில் அடுக்கி, அப்பா சைக்கிளில் எடுத்துப் போகிறார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாத்தா காலத்தில் வந்த குடும்பம். அந்த இட்லிக் கடைக்கு ஒரு வலைப்பக்கம் செய்வது என்று அவளாகவே முடிவு செய்துகொண்டாள்.

பக்கத்தின் அகலம் 600 பிக்சல். இடப்பக்கம் இட்லி, வலப்பக்கம் வடை என்று தலா 300 பிக்சலில் இரண்டு பெட்டிகள். அழகாக இருக்கட்டும் என்று ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் 20 பிக்சல் இடம் விட்டு, சுற்றி ஒரு பிக்சலில் கோடும் போட்டாள். அவ்வளவுதான், வடை கீழே விழுந்துவிட்டது.

"முன்னூறும் முன்னூறும் அறுநூறுதானே சார்? ஏன் விழுது?"

அவள் சொன்ன 300, கார்பெட் ஏரியா. உள்ளே விட்ட இடமும் (அதற்குப் பேடிங் என்று பெயர்) சுவரும் (இது பார்டர்) அதற்கு வெளியே சேர்கின்றன. இரண்டு பக்கமும் 20, இரண்டு பக்கமும் 1. ஆகமொத்தம் ஒரு பெட்டி 342. இரண்டு பெட்டிக்கு 684. அறுநூறில் எப்படி அடங்கும்? 'பாக்ஸ்-சைஸிங்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. அதற்கு 'பார்டர்-பாக்ஸ்' என்று மதிப்புக் கொடுத்தால், 300 என்பது சுவரையும் சேர்த்த அளவாகிவிடும்.

"அப்ப இது புரோக்கர் கணக்கா?" என்றாள். அதேதான். இன்றைக்கு அனுபவமுள்ள வடிவமைப்பாளர்களில் பெரும்பாலோர் எந்தத் தளத்தைத் தொடங்கினாலும் முதலில் எழுதுவது இந்தப் புரோக்கர் கணக்கைத்தான்.

அடுத்த குழப்பம் மார்ஜின். பெட்டிக்கு வெளியே விடும் இடைவெளி. மேல் பெட்டிக்கு அடியில் 30, கீழ்ப் பெட்டிக்குத் தலையில் 20 என்று கொடுத்தால் நடுவே 50 வர வேண்டும் அல்லவா? வராது. 30தான் வரும். புத்தகங்கள் இதைப் பக்கம் பக்கமாக விளக்குகின்றன. தாராவிச் சந்தில் நின்று பார்த்தால் ஒரு நிமிடம் போதும். உங்கள் வாசலுக்கு மூன்றடி சந்து வேண்டும், எதிர்வீட்டுக்கு இரண்டடி போதும் என்றால், நடுவில் யாராவது ஐந்தடி விடுவார்களா? மூன்றடிச் சந்தே இருவருக்கும் பொது. மேலும் கீழுமாக அடுக்கிய பெட்டிகளுக்கு மட்டும் இந்தச் சலுகை. பக்கவாட்டில் செல்லாது.

சிஎஸ்எஸ் என்பது என்ன என்று இன்னும் சொல்லவில்லை. அது இல்லாமல் பட்ட பாட்டைச் சொன்னால் எளிதாகப் புரியும்.

2001-ல் மாட்டுங்காவில் ஒரு சிறிய கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்தேன். கிங்ஸ் சர்க்கிளுக்கு நடந்து போகும் தூரம். ஒரு புடவைக் கடைக்கு நாற்பது பக்கத்தில் தளம் செய்து கொடுத்தோம். தலைப்பு எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் 'ஃபான்ட்' என்று ஒரு குறியைப் போட்டு, நிறம் மெரூன், அளவு இவ்வளவு என்று எழுதிவைப்பது அன்றைய வழக்கம். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு முதலாளிக்குப் பச்சை பிடித்துப்போனது. நாற்பது பக்கம், பக்கத்துக்குப் பத்துப் பன்னிரண்டு இடம். இரவு முழுக்க உட்கார்ந்து மாற்றினேன். காலையில் அவர் திறந்து பார்த்த முதல் பக்கம், நான் விட்டுப்போன ஒரே பக்கம்.

இதற்கு மருந்து அப்போதே இருந்தது என்பதுதான் வயிற்றெரிச்சல். சுவிட்சர்லாந்தின் செர்ன் ஆய்வுக்கூடத்தில், வலை பிறந்த அதே இடத்தில், ஹோகன் வியும் லீ என்ற நார்வேக்காரர் 1994 அக்டோபர் 10 அன்று ஒரு யோசனையை முன்வைத்தார். பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதை எச்டிஎம்எல் சொல்லட்டும். அது எப்படித் தெரிய வேண்டும் என்பதைத் தனியாக ஒரு தாளில் எழுதிவைப்போம். நெதர்லாந்தின் பெர்ட் போஸ் அவரோடு சேர்ந்துகொண்டார். 1996 டிசம்பர் 17 அன்று சிஎஸ்எஸ் முதல் பதிப்பு அதிகாரபூர்வப் பரிந்துரையானது. ஆனால் பிரவுசர்கள் அதை ஆளுக்கொரு விதமாகப் புரிந்துகொண்டன. நெட்ஸ்கேப்பில் சரியாக வந்தால் எக்ஸ்ப்ளோரரில் கோணிக்கொள்ளும். அந்தப் பயத்தில் எங்களைப் போன்றவர்கள் கணக்குப்பிள்ளைக் கட்டங்களை, அதாவது 'டேபிள்'களை, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகியே பக்கங்களைக் கட்டிக்கொண்டிருந்தோம்.

தாள் தனியாக இருந்திருந்தால் என் தீபாவளி இரவு எப்படிப் போயிருக்கும்? "எல்லாத் தலைப்பும் பச்சை" என்று ஒரே ஒரு வரி. நாற்பது பக்கமும் அந்த ஒரு தாளைப் பார்த்து உடுத்திக்கொண்டிருக்கும்.

சிஎஸ்எஸ் என்பதன் விரிவு 'கேஸ்கேடிங் ஸ்டைல் ஷீட்ஸ்', அதாவது அருவிபோல் இறங்கும் நடைத்தாள்கள். அதில் இருக்கும் 'கேஸ்கேடிங்' புதியவர்களை மிரட்டுகிறது. என் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப்பேருக்கு ஊர் திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் என்பதால் எனக்கு வேலை சுலபம். குற்றாலம் போயிருக்கிறாயா? மேலே தேனருவி, அதே தண்ணீர் செண்பகாதேவி, அதே தண்ணீர் கீழே பேரருவி. ஒவ்வொரு படியிலும் ஏதாவது கலந்து, திசை மாறி விழும். நடைவிதிகளும் அப்படித்தான் இறங்குகின்றன. பிரவுசர் தன் பங்குக்குச் சில விதிகளை வைத்திருக்கிறது. எதுவும் எழுதாவிட்டாலும் தலைப்பு பெரிதாகத் தெரிவது அதனால்தான். அதன் மேல் நம் தாளின் விதிகள் விழுகின்றன. இரண்டு விதி மோதினால், குறிப்பாகச் சொன்ன விதி ஜெயிக்கும். இரண்டும் சமம் என்றால் கடைசியாக எழுதியது ஜெயிக்கும். "எல்லாரும் வெள்ளைச் சட்டை" என்பது பள்ளிக்கூடத்தின் பொது விதி. "புளூ ஹவுஸ் பிள்ளைகள் நீலச் சட்டை" என்று பி.டி. மாஸ்டர் சொன்னால், அந்தப் பிள்ளைகளைப் பொறுத்தவரை மாஸ்டர் சொன்னதுதான் செல்லும். சிஎஸ்எஸ்ஸில் அந்த 'ஹவுஸு'க்குப் பெயர் 'கிளாஸ்'. அவ்வளவே.

இந்தப் பிரிவினையின் அழகை ஊருக்குக் காட்டியவர் கனடாவின் டேவ் ஷே. 2003-ல் 'சிஎஸ்எஸ் ஜென் கார்டன்' என்றொரு தளம் தொடங்கினார். எச்டிஎம்எல் ஒன்றே ஒன்று, அதில் ஓர் எழுத்தைக்கூடத் தொடக் கூடாது. நடைத்தாளை மட்டும் யார் வேண்டுமானாலும் எழுதி அனுப்பலாம். ஒரே பக்கம் ஒருவர் கையில் ஜப்பானியத் தோட்டமானது, இன்னொருவர் கையில் பழைய சுவரொட்டியானது. நான் அதைப் பார்த்த நாளில்தான் டேபிளை விட்டேன்.

நிறங்களைப் பற்றி ஒன்று. சிஎஸ்எஸ்ஸில் நிறத்தைப் பெயர் சொல்லியும் அழைக்கலாம், எண்ணாலும் எழுதலாம். #663399 என்ற ஊதாவுக்கு 'ரெபெக்கா பர்ப்பிள்' என்று பெயர். எங்கள் தலைமுறைக்குப் புத்தகங்கள் வழியாக சிஎஸ்எஸ் சொல்லித்தந்த எரிக் மேயரின் மகள் ரெபெக்கா. 2014 ஜூன் 7 அன்று, தன் ஆறாவது பிறந்தநாளில், மூளைப் புற்றுநோயால் இறந்துபோனாள். அவளுக்குப் பிடித்த நிறம் ஊதா. உலகின் எல்லாப் பிரவுசர்களிலும் அந்தப் பெயர் இருக்கிறது. இதைச் சொன்ன அன்று வகுப்பில் பாதிப்பேர் தங்கள் பக்கத்துக்கு அந்த நிறத்தைப் பூசிவிட்டார்கள். இட்லிக் கடைக்கு ஊதா பொருந்தவில்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை.

தமிழில் பக்கம் எழுதுகிறவர்களுக்கு ஆங்கிலப் பாடங்கள் சொல்லாத சில விஷயங்கள் உண்டு. முதலாவது, வரி இடைவெளி. நம் எழுத்துக்கு மேலே 'கீ'யின் சுழியும் கீழே 'கூ'வின் வாலும் உண்டு. இயல்பு இடைவெளியில் விட்டால் மேல்வரியின் வால் கீழ்வரியின் தலையில் இடிக்கும். 'லைன்-ஹைட்'டை 1.7 அளவுக்கு வைத்தால் கண்ணுக்கு நிம்மதி. இரண்டாவது, சாய்வெழுத்து வேண்டவே வேண்டாம். தமிழ் எழுத்துருக்களில் தனியாகச் சாய்வு வடிவம் இருப்பது அபூர்வம். பிரவுசரே எழுத்தைப் பிடித்துச் சாய்த்துவிடும். காற்றில் சாய்ந்த பந்தல் மாதிரி இருக்கும். மூன்றாவது, 'விற்பனையாளர்களுக்கிடையேயான' போன்ற சொற்கள். போன் திரையில் இவை பெட்டியைப் பிய்த்துக்கொண்டு வெளியே நீட்டும். நீளச் சொல்லை மடக்கச் சொல்லும் 'ஓவர்ஃப்ளோ-ராப்' கட்டளை அதற்குக் கைகொடுக்கும்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாத சின்னச் சந்தோஷம். பட்டியலுக்கு 'லிஸ்ட்-ஸ்டைல்' கொடுக்குமிடத்தில் 'தமிழ்' என்று ஆங்கில எழுத்தில் எழுதினால் ௧, ௨, ௩ என்று தமிழ் எண்கள் வரிசையாக வந்து நிற்கும்.

எழுத்துரு விஷயத்தில் இன்றைய பிள்ளைகள் கொடுத்துவைத்தவர்கள். யூனிகோட் வேரூன்றும் முன்பு ஒவ்வொரு தமிழ்த் தளத்துக்கும் ஓர் எழுத்துருவை இறக்கிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் திரை முழுக்கக் கிறுக்கல். இப்போது எழுத்துருவைத் தளத்தோடு சேர்த்தே அனுப்பலாம். அதிலும் மும்பைக்கு ஒரு பங்கு இருக்கிறது. கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கும் 'முக்த மலர்', 'பலூ தம்பி' இரண்டும் இந்த ஊரின் 'ஏக் டைப்' எழுத்துரு வடிவமைப்பாளர்களின் கைவேலை. தலைப்புக்குக் கொழுகொழு தம்பி, உள்ளே மலர். இட்லிக் கடை முகப்புக்கு அது போதும்.

எங்கே கற்பது என்று கேட்பவர்களுக்கு: தமிழிலேயே படிக்க, கணியம் இணைய இதழ் வெளியிட்ட து. நித்யாவின் 'எளிய தமிழில் சிஎஸ்எஸ்' இலவச மின்னூலாகக் கிடைக்கிறது. கணினிப் பாடங்களைக் கேட்டுக்கொண்டே செய்து பழக, பவாய் ஐஐடியின் 'ஸ்போக்கன் டுடோரியல்' குறும்பாடங்கள் தமிழ்க் குரலிலும் உண்டு. தாராவிக்கு நிரல் எழுதுவது புதிதும் அல்ல. நவ்நீத் ரஞ்சன் தொடங்கிய 'தாராவி டைரி' என்ற அமைப்பில் சிறுமிகள் எம்ஐடியின் ஆப் இன்வென்டரைக் கொண்டு, பெண்கள் பாதுகாப்புக்கும் குழாயடி வரிசைக்கும் செயலிகள் செய்து பத்து ஆண்டுகள் ஆகிவிட்டன.

கட்டங்களை இழுத்துப் போட்டால் தளம் தயார் என்கிற சேவைகளைப் பயன்படுத்தலாமா என்றும் கேட்கிறார்கள். பயன்படுத்துங்கள், பாவமில்லை. ஆனால் இருபது சிஎஸ்எஸ் கட்டளைகளையாவது கையால் எழுதிப் பழகியபின் போங்கள். இல்லாவிட்டால் ஏதாவது ஒன்று இடம் மாறி விழும்போது, புரோக்கர் சொன்ன சதுர அடியை நம்பி நிற்பவர் கதிதான்.

பொங்கலுக்கு முந்தைய ஞாயிறு, அந்தப் பெண் அப்பாவையும் வகுப்புக்குக் கூட்டி வந்தாள். தாளில் ஒரு வரியைத் திருத்தினாள். முகப்பு, விலைப்பட்டியல், தொடர்பு என்று மூன்று பக்கமும் ஊதாவிலிருந்து மஞ்சளுக்கு மாறின. அவர் போனை வாங்கி, தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"கலரெல்லாம் நல்லாத்தான் இருக்கு. வடை வெலைய ஏன் ஏட்டி மாத்தல?"

அவள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு அப்பாவிடம் சொன்னாள். "அது இந்தத் தாள்ல இல்லப்பா. அது எச்டிஎம்எல்."