கடலோரப் பட்டினங்கள் – 9: கப்பலுக்குக் காத்திருந்த கோட்டை

சென்ற வாரம் பூம்புகார்க் கரையில் விடைபெற்றோம். அங்கிருந்து தெற்கே வந்து, திருக்கடையூரைத் தாண்டியதும் தரங்கம்பாடி. பெரும்பாலானவர்கள் திருக்கடையூரில் சாமி கும்பிட்டுவிட்டு, கையோடு இங்கேயும் வந்து, டேனிஷ் கோட்டையின் முன்னால் படம் எடுத்துக்கொண்டு, வெயில் ஏறுமுன் கிளம்பிவிடுகிறார்கள். அவர்களிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள். ஊருக்குள் நுழையும்போது வருகிற அந்த வெள்ளை நுழைவாயிலை வண்டியில் கடக்காதீர்கள். இறங்கி நடந்து கடந்து பாருங்கள்.

இப்போது இருக்கும் வாயில் 1792-இல் எடுத்துக் கட்டியது. ஆனால் அது நிற்கிற மதில் வரிசை அதற்கும் ஏறக்குறைய 130 ஆண்டுகள் மூத்தது. அந்த மதிலை எழுப்பியவர், அந்த நாளில் இந்த ஊரில் எஞ்சியிருந்த ஒரே டேனிஷ்காரர். அவர் கதைக்கு வருமுன் டேனிஷ்காரர்கள் இங்கே வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

1618-இல் கோபன்ஹேகனிலிருந்து கப்பல்கள் கிளம்பின. பின்னால் வந்த அணிக்குத் தலைவர் ஓவே ஜெட்டே, 24 வயதுகூட நிரம்பாத இளைஞர். அவர்கள் நாடியது தரங்கம்பாடியை அல்ல, இலங்கையை. கண்டி அரசனோடு உடன்படிக்கை செய்துகொண்டு, போர்த்துகீசியரை விரட்ட உதவி, பதிலுக்கு வணிக உரிமை பெறுவதாகத் திட்டம். அது பலிக்கவில்லை. வழியிலேயே ஆட்களில் பாதிக்கு மேல் நோயில் செத்திருந்தார்கள். இதற்கிடையே, முன்கூட்டியே அனுப்பப்பட்ட ‘ஓரெசுண்ட்’ என்ற கப்பல் காரைக்கால் அருகே போர்த்துகீசியரிடம் சிக்கி அழிந்தது. பிடிபட்டவர்களில் சிலரின் தலைகளைக் கடற்கரையில் கழியில் குத்தி வைத்தார்கள். அந்தக் கப்பலுக்குப் பொறுப்பாக வந்த ரோலண்ட் கிராப்பேயும் பத்துப் பன்னிரண்டு பேரும் மட்டும் எப்படியோ கரையேறித் தப்பினார்கள். அவர்களைப் பிடித்து உள்ளூர்க்காரர்கள் தஞ்சைக்குக் கொண்டுபோனார்கள்.

தஞ்சையில் அப்போது ரகுநாத நாயக்கர் ஆட்சி. கவியும் இசைவாணருமான அந்த அரசருக்குக் கடல் வணிகத்தின் கணக்கும் நன்றாகத் தெரிந்திருந்தது. நாகப்பட்டினத்தில் காலூன்றிவிட்ட போர்த்துகீசியருக்குப் போட்டியாக இன்னொரு கூட்டம் வந்தால் தனக்கு நல்லது என்று நினைத்தார். 1620 நவம்பரில் ஒப்பந்தம் ஆயிற்று. டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியனுக்கு அவர் அனுப்பிய பொன்னோலை இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. தங்கத் தகட்டில் தமிழ் எழுத்து, கீழே நாயக்கரின் தெலுங்குக் கையொப்பம்.

ஆக, கப்பலும் போய், ஆளும் போய், கரையொதுங்கியவர்களுக்கு நாம் கொடுத்த இடம்தான் இந்த டேன்ஸ்போர்க் கோட்டை. ‘டேனிஷ்காரர் ஊர்’ என்று யாராவது சொன்னால் எனக்கு உறுத்தும். இந்த ஊர் வைத்துக் காப்பாற்றிய டேனிஷ்காரர்கள் என்று சொன்னால்தான் சரியாக இருக்கும்.

கோட்டையில் கீழ்த்தளம் முழுக்கக் கிடங்கு, சமையற்கட்டு, சிறை. மேல்தளத்தில் ஆளுநரும் பாதிரியாரும் குடியிருந்தார்கள். மாநிலத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இப்போது அங்கே இருக்கிறது. பீங்கான் துண்டுகளையும் பழைய பத்திரங்களையும் நிதானமாகப் பாருங்கள். பிறகு கடலைப் பார்த்த மதில்மேல் போய் உட்காருங்கள். நான் சொல்ல வந்த கதைக்குச் சரியான இடம் அதுதான்.

1639-இல் கோபன்ஹேகனிலிருந்து கிளம்பிய ஒரு கப்பல், வழியில் பல தடங்கல்களில் மாட்டி 1643-இல் இங்கே வந்து சேர்ந்தது. அதோடு சரி. டென்மார்க் போர்களில் சிக்கித் தவித்தது. ஒரு கட்டத்தில் கோபன்ஹேகனையே ஸ்வீடன் படை முற்றுகையிட்டிருந்தது. 1650-இல் டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனியையே கலைத்துவிட்டார்கள். தரங்கம்பாடியில் இருந்தவர்களை நினைக்க அங்கே யாருக்கும் நேரமில்லை. இங்கே ஒவ்வொருவராகச் செத்துக்கொண்டிருந்தார்கள். 1655-இல் கோட்டைத் தலைவரும் இறந்தபோது மிஞ்சியவர் எஸ்கில்ட் ஆண்டர்சன் கோங்ஸ்பக்கே என்ற சாதாரண ஆள் ஒருவர்தான். பிரபு வம்சம் கிடையாது, பெரிய பதவியும் கிடையாது.

அவர் கோட்டையை டச்சுக்காரருக்கு விற்றுவிட்டு ஊர் திரும்பியிருக்கலாம். செய்யவில்லை. உள்ளூர் ஆட்களையும், போர்த்துகீசிய வம்சாவளியில் வந்தவர்களையும் சம்பளத்துக்கு அமர்த்திக் காவல் போட்டார். வங்கக் கடலில் போன கப்பல்களைப் பிடித்து, அதில் கிடைத்த பணத்தில் செலவுகளைப் பார்த்தார். இதை நியாயப்படுத்த நான் வரவில்லை, கொள்ளை கொள்ளைதான். குத்தகை வரவில்லை என்று நாயக்கர் படை வந்து முற்றுகையிட்டபோது தாக்குப்பிடித்தார். அந்தச் சமயத்தில்தான் ஊரைச் சுற்றி மதிலை எழுப்பினார். கொத்தனாரிலிருந்து காவல்காரர் வரை அத்தனை பேரும் இந்த மண்ணின் மனிதர்கள். அவர்கள் நடுவே ஒரே ஒரு அந்நியர், கொடிக்கம்பத்தில் தன் நாட்டுக் கொடியை ஏற்றி இறக்கிக்கொண்டு, 14 ஆண்டுகள்.

1669 மே மாதம் ‘ஃபேரோ’ என்ற போர்க்கப்பல் இந்தக் கரைக்கு வந்தது. கோட்டையில் டென்மார்க் கொடி பறப்பதைக் கப்பல்காரர்கள் பார்த்தார்கள். கோங்ஸ்பக்கேயையே முறைப்படி தலைவராக அமர்த்தினார்கள். அந்த மதிலில் உட்கார்ந்திருந்தபோது, அடிவானத்தில் அந்தப் பாய்மரம் தெரிந்த கணத்தில் அவர் முதலில் யாரைக் கூப்பிட்டிருப்பார், எந்த மொழியில் கூப்பிட்டிருப்பார் என்று வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

கோட்டையிலிருந்து ராஜ வீதியில் நடந்தால் 1718-இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம். முகப்பில் டென்மார்க் அரசர் நான்காம் ஃப்ரெடெரிக்கின் முத்திரையும் கிரீடமும். உள்ளே பீடத்தின் முன் சீகன்பால்கு அடக்கமாகியிருக்கிறார். 1706 ஜூலை 9 அன்று வந்திறங்கிய இந்த ஜெர்மானியப் பாதிரியார் 1719 பிப்ரவரியில் இறந்தபோது வயது 36.

அந்தப் பதின்மூன்று ஆண்டுகளுக்குள் அவர் செய்தவற்றில் எனக்குப் பிடித்தது, தமிழ் படித்த விதம். உள்ளூர் வாத்தியார் ஒருவரை, வயதானவர், தன் வீட்டிலேயே பள்ளிக்கூடம் நடத்தும்படி கேட்டுக்கொண்டார். சின்னப் பிள்ளைகள் மணலில் விரலால் அ, ஆ எழுத, அவர்களோடு தரையில் உட்கார்ந்து இவரும் எழுதினார். பிறகு ஓலைச்சுவடிகளைத் தேடினார். தமிழ் படித்தவர்களின் விதவைகள் வீட்டில் சும்மா கிடந்த சுவடிகளை ஆள் வைத்து விலைக்கு வாங்கினார். 1708-இல் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களுக்குக் குறிப்போடு பட்டியல் போட்டார். கொன்றை வேந்தனையும் உலக நீதியையும் ஜெர்மனுக்குக் கொண்டுபோனார். அதே ஆண்டு நவம்பரில் இங்கிருந்த டேனிஷ் தளபதியே அவரைப் பிடித்துக் கோட்டைச் சிறையில் நான்கு மாதம் அடைத்து வைத்தார். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713-இல் அவர் எழுதிய பெரிய நூலை ஐரோப்பாவில் இருந்த அவருடைய மேலிடம் அச்சிட விரும்பவில்லை. அது அச்சாக 1867 வரை ஆயிற்று. மதம் மாற்றத்தான் வந்தார். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தான் மாற்ற வந்த மக்களின் நூல்களை இவ்வளவு அக்கறையாகப் படித்ததையும் மறக்கக் கூடாது.

ஒரு தவறான செய்தியையும் இங்கே திருத்திவிட வேண்டும். தமிழ் முதன்முதலில் அச்சேறியது தரங்கம்பாடியில் அல்ல. தமிழ் எழுத்திலேயே கொல்லத்தில் 1578-இல் ‘தம்பிரான் வணக்கம்’ வந்துவிட்டது. தரங்கம்பாடியின் பெருமை வேறு. விட்டுப்போன அந்த வேலையை இங்கே விடாமல் நடத்தினார்கள். அச்சு இயந்திரம் 1712-இல் வந்தது. அதை ஓட்ட வேண்டியவர் வழியிலேயே இறந்துபோனார். கம்பெனிச் சிப்பாய்களில் அச்சுவேலை தெரிந்த ஒருவரைப் பிடித்துத் தொடங்கினார்கள். ஜெர்மனியில் ஹாலே நகரில் வார்த்தனுப்பிய தமிழ் எழுத்துகள் மிகப் பெரியவை. அந்த அளவில் அச்சிட்டால் காகிதம் கட்டுப்படியாகாது. சின்ன எழுத்து வார்க்க ஈயம் வேண்டும். லண்டனிலிருந்து வந்த பாலாடைக்கட்டியைச் சுற்றியிருந்த ஈயத் தகடுகளை உருக்கி வார்த்தார்கள். காகிதத்துக்குப் பக்கத்தில் பொறையாறிலேயே ஒரு காகிதப் பட்டறையும் போட்டார்கள், அது நிலைக்கவில்லை.

அப்படி 1715-இல் நிறைவான புதிய ஏற்பாட்டின் ஒரு படி தஞ்சை சரபோஜி மன்னரின் கைக்குப் போய், சரஸ்வதி மகால் அருங்காட்சியகத்தில் இருந்தது. 2005-இல் அது திருடுபோயிற்று. 2022-இல் அது லண்டனில் ஒரு சேகரிப்பில் இருப்பதைத் தமிழகச் சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவு கண்டுபிடித்தது.

டேனிஷ்காரர்கள் 1845-இல் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். ரயிலும் துறைமுகமும் நாகப்பட்டினத்துக்குப் போக, இந்த ஊர் அடங்கிவிட்டது.

கிளம்புமுன் கோட்டைக்கு வடக்கே கரையோரமாக நடந்து மாசிலாமணிநாதர் கோயிலுக்கு வாருங்கள். 1306-இல் மாறவர்ம குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. கல்வெட்டு இந்த ஊரைச் ‘சடங்கன்பாடி’ என்கிறது; ‘குலசேகரன்பட்டினம்’ என்று இன்னொரு பெயரும் சொல்கிறது. ‘பாடும் அலைகளின் ஊர்’ என்று சுற்றுலாப் பலகைகளில் எழுதுகிறார்களே, அந்தப் ‘பாடி’ பாட்டு அல்ல. வாணியம்பாடி, காட்பாடியில் வருகிற அதே பாடி. குடியிருப்பு என்று பொருள். பட்டினம் என்று பெயர் வாங்கும் அளவுக்கு, கோபன்ஹேகன் கப்பல் வருவதற்கு 300 ஆண்டுகள் முன்பே இங்கே வணிகம் நடந்திருக்கிறது.

கோயிலின் முன்பகுதியைக் கடல் எடுத்துக்கொண்டுவிட்டது. மிச்சத்தைக் காப்பாற்றக் கரையில் பாறைகளைக் கொட்டியிருக்கிறார்கள். அங்கே வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவரிடம், “ஐயா, முன்னாடி கோயில் எதுவரைக்கும் இருந்தது?” என்று கேட்டேன். 2004 சுனாமியில் இந்த மீனவர் குடியிருப்பு நூற்றுக்கணக்கானவர்களைப் பறிகொடுத்தது. அதைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வலையிலிருந்து கையை எடுக்காமல் முகத்தால் கடலைக் காட்டினார். “அந்தா, போட்டு கட்டிக் கிடக்குதே தம்பி, அதுக்கும் அந்தாண்ட. எங்க தாத்தா அங்க உக்காந்துதான் வலை பின்னுவாராம்.”

ஃபைபர் படகு ஒன்று, நங்கூரக் கயிறு விறைக்க, அங்கே அலையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

(அடுத்த வாரம்: நாகப்பட்டினம்)