பாய்மரப் படகுச் சுற்றுலாவில் ஸ்கிப்பருக்குத் தரும் அன்பளிப்பு

வெளிநாட்டுக் கடலில் ஒரு பாய்மரப் படகை வாடகைக்கு எடுத்து, அதைச் செலுத்த ஒருவரையும் அமர்த்திக்கொண்டு, ஒரு வாரம் தீவு தீவாகச் சுற்றி வருவது ஐரோப்பியரிடையே பரவலான விடுமுறை வழக்கம் ஆகும். அவ்வாறு அமர்த்தப்படுபவர் ஸ்கிப்பர் எனப்படுகிறார். தமிழில் இவரை மீகாமன் என்று சொல்லலாம். ஆனால் படகு வாடகைச் சீட்டில் நீங்கள் காணப்போவது ஸ்கிப்பர் என்ற சொல்லைத்தான் என்பதால் இங்கும் அதுவே பயன்படுத்தப்படுகிறது. பேசிய கூலிக்கு மேல், பயணம் முடியும்போது விருந்தினர்கள் அவருக்குத் தரும் பணமே அன்பளிப்பு, அதாவது டிப்ஸ். இவ்வகைச் சுற்றுலா மிகுதியாக நடக்கும் குரோஷியாவின் டால்மேஷியக் கடற்கரையை எடுத்துக்காட்டாகக் கொண்டு அதன் வழக்கத்தைப் பார்ப்போம்.

படகும் ஸ்கிப்பரும்

ஸ்பிளிட், திரோகிர் போன்ற ஊர்களின் படகுத் துறைகளில் வாடகை பெரும்பாலும் சனிக்கிழமை மாலை தொடங்கி அடுத்த சனிக்கிழமை காலை முடியும். படகுகள் பெரும்பாலும் 12 முதல் 15 மீட்டர் நீளம் கொண்டவை; மூன்று முதல் ஐந்து சிறு அறைகள் இருக்கும். படகில் ஏறுவோரில் ஒருவரிடமாவது அந்நாடு ஏற்கும் படகோட்டும் உரிமமும் வானொலிக் கருவியை இயக்கும் சான்றிதழும் இருக்க வேண்டும். இல்லையெனில் ஸ்கிப்பரை அமர்த்தியே ஆக வேண்டும்.

அவருடைய கூலி படகு வாடகையில் சேராது. நாளொன்றுக்கு 150 முதல் 250 யூரோ வரை தனியாகப் பேசிக்கொள்வார்கள். அவருக்குப் படுக்க இடமும் மூன்று வேளை உணவும் விருந்தினர் பொறுப்பு. நம் ஊரில் வாடகைக் கார் எடுக்கும்போது கிலோமீட்டர் கணக்கு ஒன்று, ஓட்டுநர் பேட்டா வேறு, இறங்கும்போது கையில் கொடுப்பது வேறு அல்லவா? அதே போன்ற பிரிவினைதான் இதுவும். உணவும் படுக்கையும் பேட்டாவைப் போன்றவை. 'வாரம் முழுக்க நம்மோடுதானே சாப்பிட்டார்' என்று அதை அன்பளிப்பில் கழிப்பது தவறான கணக்கு. கடைசி நாளில் மிஞ்சிய அரிசியையும் எண்ணெயையும் மதுப்புட்டியையும் அவரிடம் விட்டு வருவதும் நல்ல செயல்தான். ஆனால் அதற்கு அன்பளிப்பு என்று பெயரில்லை.

எத்தனை விழுக்காடு, எதில்?

சட்டப்படி அன்பளிப்பு கட்டாயம் இல்லை. மத்தியதரைக் கடல் பகுதியில் 5 முதல் 15 விழுக்காடு என்ற பேச்சு பொதுவாக வழங்குகிறது. கரீபியன் கடலில், அமெரிக்கப் பழக்கத்தின் செல்வாக்கால், 15 முதல் 20 விழுக்காடு வரை எதிர்பார்ப்பார்கள். இந்த விழுக்காட்டைக் கேட்டவுடன் மாணவரிடம் நான் கேட்கும் கேள்வியைத்தான் இங்கும் கேட்க வேண்டும்: எதில் விழுக்காடு?

மேலே சொன்ன அளவுகள், சமையற்காரர், பணியாளர் எனப் பலர் வேலை செய்யும் பெரிய சொகுசுப் படகுகளுக்கு, மொத்தப் படகு வாடகையின் மீது கணக்கிடப்படுபவை. அந்தத் தொகையைப் பணியாளர் அனைவரும் பங்கிட்டுக்கொள்வார்கள். ஒரே ஒரு ஸ்கிப்பர் உள்ள சிறு படகுக்கு அதை அப்படியே பொருத்தத் தேவையில்லை. இங்கு ஸ்கிப்பரின் கூலியை அடிப்படையாகக் கொள்வதே பொருத்தம். நாளுக்கு 200 யூரோ வீதம் ஏழு நாளுக்கு 1,400 யூரோ கூலி என்று கொள்வோம். அதில் 10 விழுக்காடு 140 யூரோ; 15 விழுக்காடு 210 யூரோ. ஆறு பேர் சென்றால் தலைக்கு 23 முதல் 35 யூரோதான் வரும். படகு வாடகை 4,000 யூரோ என்றால் அதன் 10 விழுக்காடு 400 யூரோ ஆகிவிடும். இரண்டுக்கும் உள்ள இடைவெளியே குழப்பத்தின் வேர். மிகச் சிறப்பாகப் பணியாற்றியவருக்கு அந்த 400 யூரோவையே தருவோரும் உண்டு. அது அவரவர் விருப்பம்.

ஐரோப்பிய மொழிகள் சிலவற்றில் அன்பளிப்புக்கு உள்ள சொல் சுவையானது. குரோஷியரின் நபோய்னிட்சா, ஜெர்மானியரின் டிரிங்கெல்ட், பிரெஞ்சுக்காரரின் பூர்புவார் ஆகிய மூன்றுமே 'குடிப்பதற்கான காசு' என்ற கருத்திலிருந்து பிறந்தவை. கிரேக்கரின் ஃபிலோதோரிமா மட்டும் 'நட்பின் கொடை' என்று பொருள்படும்.

எதற்காகத் தருகிறோம்?

ஸ்கிப்பரின் வேலையில் பாதி விருந்தினர் கண்ணில் படாதது. காலையில் நாம் எழுமுன் அவர் வானிலை அறிக்கையைப் பார்த்துவிடுவார். அட்ரியாட்டிக் கடலில் மூன்று காற்றுகளின் பெயரை எல்லோரும் அறிவர். கோடைப் பிற்பகலில் வடமேற்கிலிருந்து வீசும் மயெஸ்ட்ரால் பாய்மரத்துக்கு ஏற்ற இதமான காற்று. தென்கிழக்கிலிருந்து வரும் யூகோ இரண்டு மூன்று நாள் மெல்ல வலுத்துப் பெரிய அலைகளை எழுப்பும். மலைகளைத் தாண்டி நிலப்பக்கமிருந்து இறங்கும் பூரா, திடீரென்று பலத்த வீச்சுகளாகத் தாக்கும். இவற்றுக்கு ஏற்ப அன்றைய வழியையும் இரவு தங்கும் குடாவையும் அவர் தேர்ந்தெடுக்கிறார். படகின் பின்புறம் கரையைப் பார்க்கும்படி நெரிசலான துறையில் நிறுத்துவது, நள்ளிரவில் காற்று திரும்பினால் நங்கூரம் இழுபடுகிறதா என்று எழுந்து பார்ப்பது எல்லாம் அவர் பொறுப்பே.

சிக்கல் எழுவது அவர் 'வேண்டாம்' என்று சொல்லும் நாளில்தான். விஸ் தீவுக்கு அருகிலுள்ள பிஷெவோ என்ற சிறு தீவில் புகழ்பெற்ற நீலக் குகை இருக்கிறது. உட்புகும் வாயில் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரமே என்பதால் சிறு படகில் தலையைக் குனிந்துகொண்டுதான் போக முடியும். யூகோ வீசி அலை எழும்பினால் குகையை மூடிவிடுவார்கள். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து வந்தவர்களுக்கு அந்த ஒரு நாள் போனால் போனதுதான். 'கொஞ்சம் போய்ப் பார்க்கலாமே' என்று ஸ்கிப்பரை நெருக்குவார்கள். அவர் மறுத்து, காற்றுக்கு மறைவான குடாவிலேயே படகை நிறுத்திவைப்பார். வார இறுதியில் அந்த ஏமாற்றம் அன்பளிப்பில் கழிந்துவிடும். உண்மையில் அந்த வாரத்தில் அவர் செய்த சிறந்த வேலை அந்த மறுப்புதான்.

இது எனக்கு வேறொரு வகையில் பழக்கமானது. பல ஆண்டுகளுக்கு முன் பள்ளிச் சுற்றுலா ஒன்றில், கொல்லிமலையிலிருந்து இறங்கும் வழியில் மூடுபனி சூழ்ந்தது. பேருந்து ஓட்டுநர் சாலையோரம் வண்டியை நிறுத்திவிட்டு, பனி விலகும் வரை நகரமாட்டேன் என்றார். நள்ளிரவுக்கு மேல்தான் ஊர் சேர்ந்தோம். காத்திருந்த பெற்றோரின் கோபம் எங்கள் மேல் பாய, ஆசிரியர்கள் நாங்கள் அவருக்கென்று ஒதுக்கியிருந்த தொகையில் பாதியைத்தான் கொடுத்தோம். நாற்பத்தெட்டுப் பிள்ளைகள் வண்டியில் இருந்தார்கள். அவர் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டார்.

ஆகவே 'அங்கே கொண்டுபோனால் நன்றாகக் கவனிக்கிறோம்' என்று ஸ்கிப்பர் முன் ஆசை காட்டுவது முறையல்ல. படகின் பாதுகாப்புக்கு அவரே பொறுப்பாளி. போவதா வேண்டாமா என்பதில், பணம் கொடுத்தவர் யாராக இருந்தாலும், அவர் சொல்லே இறுதியானது.

குறைத்துத் தரவும் காரணங்கள் உண்டு. பயண நேரத்தில் மது அருந்துபவர், கைப்பேசியிலேயே மூழ்கிக் கிடப்பவர், விருந்தினரிடம் கடுகடுப்பவர், கேட்ட இடத்தை விட்டு ஒவ்வோர் இரவும் தமக்கு இலவச உணவு தரும் உணவகத்தின் முன்னேயே படகைக் கட்டுபவர் ஆகியோருக்குத் தாராளம் காட்ட வேண்டியதில்லை. பாதுகாப்பே கேள்விக்குறியானால் வார முடிவு வரை பொறுத்திருந்து அன்பளிப்பைக் குறைப்பது பயனற்றது. அன்றே வாடகை நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்து மாற்று ஆள் கேட்க வேண்டும்.

கொடுக்கும் முறை

குழுவாகச் செல்வோர் முதல் நாளே பொதுப் பணப்பை ஒன்று வைத்துக்கொள்வது வழக்கம். டீசல், துறைக் கட்டணம், மளிகை, ஸ்கிப்பரின் உணவகச் செலவு எல்லாம் அதிலிருந்து போகும். அன்பளிப்புக்கான தொகையையும் அப்போதே தனியாக ஒதுக்கிவிடுவது நல்லது. மிஞ்சினால் கொடுக்கலாம் என்று விட்டால் பெரும்பாலும் மிஞ்சாது. படகுக்குச் சேதம் நேர்ந்தால் பிடித்துக்கொள்வதற்காக நிறுவனத்திடம் கட்டும் முன்பணம் வேறு. அதை இதனோடு கலக்கக் கூடாது.

பணத்தை உறையிலிட்டு, குழுவில் ஒருவர், அவர் கையிலேயே கொடுக்க வேண்டும். நிறுவன அலுவலகத்தில் கொடுத்தால் அவரைச் சேரும் என்ற உறுதி இல்லை. குரோஷியா 2023 சனவரி 1 முதல் யூரோவுக்கு மாறிவிட்டதால், பழைய பயணக் குறிப்புகளில் காணும் குனா கணக்கு இனி உதவாது. சிறு தீவுகளில் பணம் எடுக்கும் இயந்திரத்தைத் தேடி அலையாமல், ஸ்பிளிட்டிலேயே ரொக்கமாக எடுத்து வைத்துக்கொள்ளலாம். படகு வழக்கமாக வெள்ளிக்கிழமை மாலையே டீசல் நிரப்பிக்கொண்டு துறைக்குத் திரும்பிவிடும். மறுநாள் இன்னொரு குழுவோடு கிளம்ப வேண்டிய ஸ்கிப்பர் சில வேளைகளில் அன்றிரவே விடைபெற்றுப் போய்விடுவார் என்பதால், உறையை வெள்ளிக்கிழமை மாலையே கொடுத்துவிடுவது வழக்கம்.