தேடுபொறியின் உள்ளே: கூகுளை எதிர்க்கத் துணிந்த தமிழர்கள்

"பழைய கோலா குபுவில் அணை உடைந்தது எப்போது?" மலேசியாவின் வட சிலாங்கூரில் உள்ள கோலா குபு பாருவில் படிக்கும் ஒரு மாணவி கைப்பேசியில் இப்படிக் கேட்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். 1883 என்ற விடை கண் இமைப்பதற்குள் வந்துவிடும். அந்த வேகத்துக்குப் பின்னால் இருப்பது மாபெரும் ஏற்பாடு. உலகில் பத்தில் ஒன்பது தேடல்கள் கூகுள் வழியாகவே நடக்கின்றன. அதை எதிர்த்து ஒரு சிறு நிறுவனம் எழுவது ஏன் அவ்வளவு கடினம்?

தேடுபொறி, நாம் கேட்ட பிறகு இணையத்தைத் துழாவுவதில்லை. அதன் நிரல்கள் இரவு பகலாக இணையப் பக்கங்களைப் படித்து, எந்தச் சொல் எங்கெங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே குறித்து வைக்கின்றன. தடித்த நூலின் கடைசியில் உள்ள சொல்லடைவைப் போன்றது இது. 'அணை'க்கு ஒரு பட்டியல், 'குபு'வுக்கு ஒரு பட்டியல். இரண்டிலும் இடம்பெறும் பக்கங்களைப் பிரித்தெடுத்து, தகுதி பார்த்து வரிசைப்படுத்தித் தருகிறது. தமிழில் வேலை இன்னும் கூடுதல். அணையை, அணையின், அணையிலிருந்து என்பவை எல்லாம் ஒரே சொல்லின் வடிவங்கள் என்று பொறி உணர வேண்டும். கோலா குபு பாரு, கோல குபு பாரு, குவாலா குபு பாரு மூன்றும் ஒரே ஊர் என்பதும் அதற்குத் தெரிந்திருக்க வேண்டும்.

1998இல் தொடங்கிய கூகுளும் ஒரு காலத்தில் சிறு நிறுவனமே. ஒரு பக்கத்துக்கு வேறு எந்தெந்தப் பக்கங்கள் இணைப்புக் கொடுத்திருக்கின்றன என்று பார்த்து மதிப்பிடும் உத்தியால் அது அல்டாவிஸ்டா போன்ற பெரியவர்களை முந்தியது.

அந்தக் கூகுளின் விளம்பரப் பிரிவுக்கே தலைவராக இருந்தவர், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த ஸ்ரீதர் ராமசாமி. அங்கிருந்து விலகி, 2019இல் விவேக் ரகுநாதனுடன் சேர்ந்து நீவா என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். விளம்பரமே இல்லாத தேடுபொறி. மாதம் சுமார் 5 அமெரிக்க டாலர் சந்தா. சொந்தச் சொல்லடைவையும் உருவாக்கினார்கள். ஆனாலும் 2023இல் பொதுமக்களுக்கான தேடலை மூடிவிட்டார்கள். தேடுபொறியைக் கட்டுவதைவிட, பயனரைப் பழைய பழக்கத்திலிருந்து மாற்றுவதே கடினம் என்று அவர்கள் அப்போது சொன்னார்கள்.

காரணம் வாசலில் இருக்கிறது. கைப்பேசியை வாங்கித் திறந்ததும் தேடல் பெட்டியில் கூகுள் தயாராக இருக்கிறது. அந்த இடத்தைப் பிடிக்க 2021இல் மட்டும் கூகுள் 2,630 கோடி டாலர் செலவிட்டது என்பது அமெரிக்க நீதிமன்றத்தில் வெளிவந்தது. தேடலில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்து வந்தது என்று நீதிபதி அமித் மேத்தா 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தார். அடுத்த ஆண்டு செப்டம்பரில், போட்டியிடத் தகுதியுள்ள நிறுவனங்களுக்குத் தேடல் தரவுகளில் ஒரு பகுதியைக் கொடுக்கவும் உத்தரவிட்டார்.

சென்னையில் பிறந்து அதே ஐ.ஐ.டி.யில் படித்த அரவிந்த் ஸ்ரீநிவாஸ் வேறு வழியில் போனார். அவர் நண்பர்களுடன் 2022இல் தொடங்கிய பெர்ப்ளெக்சிட்டி, இணைப்புகளின் பட்டியலோடு நிற்பதில்லை. கேள்விக்குப் பொருத்தமான சில பக்கங்களை எடுத்து, அவற்றின் பகுதிகளைச் செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரியிடம் கொடுக்கிறது. அது படித்து, பதிலைப் பத்தியாக எழுதி, எந்தத் தகவல் எந்தப் பக்கத்தில் கிடைத்தது என்று எண்ணிட்டுக் காட்டுகிறது. கூகுளும் இன்று இதே பாணியில் பதில் எழுதித் தருகிறது. சிறியவர் பெரியவரை வீழ்த்தாவிட்டாலும் நடையை மாற்ற வைக்க முடியும் என்று இதைப் பார்த்தால் எண்ணத் தோன்றுகிறது.

இந்த முறைக்கும் குறை உண்டு. மொழி மாதிரி சில வேளைகளில் இல்லாததையும் இருப்பதுபோல் எழுதிவிடும். தங்கள் செய்திகளை அனுமதியின்றிப் பயன்படுத்துவதாக டவ் ஜோன்ஸ், நியூயார்க் போஸ்ட் ஆகியவை 2024இல் பெர்ப்ளெக்சிட்டிமீது வழக்குத் தொடுத்தன. ஆகவே பதிலைப் படித்ததும் அதன் எண்ணைத் தொட்டு மூலப் பக்கத்தைப் பார்க்கும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லித்தர வேண்டும்.

எந்தப் பொறி வென்றாலும், எழுதப்படாததைத் தேடித் தர அதனால் முடியாது. அணை உடைந்த ஆண்டு கிடைப்பது, யாரோ அதை எழுதி வைத்ததால்தான். வட சிலாங்கூர் ரப்பர்த் தோட்டங்களில் பால்வெட்டிய நம் பாட்டிமார் பாடு, செம்பனை வந்ததும் கலைந்துபோன லயங்கள், மூடப்பட்ட தோட்டப் பள்ளிகள் ஆகியவற்றைப் பற்றித் தமிழில் தேடினால் கிடைப்பது மிகக் குறைவு. அவற்றைப் பற்றிய குறிப்புகளில் பல, கோயில் குடமுழுக்கு மலர்களிலும் பள்ளி ஆண்டு மலர்களிலும் அலமாரியில் அடைந்து கிடக்கின்றன. அவற்றைத் தமிழ் எழுத்தில் தட்டச்சிட்டு இணையத்தில் ஏற்றுவது பெரிய முதலீடு கேட்கும் வேலை அல்ல. பள்ளி வாரியமும் ஆலய நிர்வாகமும் இளைஞர் மன்றமும் கைகோத்தால் இந்த ஆண்டே தொடங்கலாம்.