அசையாப் பொருளும் ஒரு சாட்சியே

நம் இல்லங்களில் திருமணப் படங்களுக்குக் குறைவில்லை. ஆனால் அத்திருமணத்திற்குச் சோறு பொங்கிய பித்தளைத் தவலையைப் படம் பிடித்து வைத்துள்ள குடும்பங்கள் எத்தனை? மனிதரின் முகத்தைப் போலவே, அவர் கைபட்டுத் தேய்ந்த பொருளும் ஒரு வரலாறே.

புதுச்சேரிக்கு வடக்கே விழுப்புரம் மாவட்டக் கடற்கரையில் அமைந்துள்ள பொம்மையார்பாளையம் போன்ற மீனவர் ஊர்களில், கட்டுமரத்தின் இடத்தைக் கண்ணாடியிழைப் படகுகள் பெரிதும் பிடித்துவிட்டன. 2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை இக்கரையோர மக்களின் உடைமைகளை வாரிச் சென்றதையும் நாம் அறிவோம். எஞ்சியுள்ள துடுப்பும் பழைய வலையும் மீன்கூடையும் மறையுமுன் அவற்றைப் படமாக்குவது நம் கடமையன்றோ?

நல்ல படம் எவ்வளவு பயன்தரும் என்பதற்குச் சான்று அருகிலேயே உள்ளது. 1955இல் தொடங்கப்பெற்ற புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், தென்னகக் கோயில்களையும் சிற்பங்களையும் கருப்பு வெள்ளையில் படமெடுத்து, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களைச் சேர்த்துள்ளது. விருத்தாசலத்து அர்த்தநாரீசுவரர் கற்சிலை களவுபோய், 2004இல் ஆஸ்திரேலியக் கலைக்கூடமொன்றால் வாங்கப்பட்டது. அது எவ்விடத்துச் சிலை என்பதை மெய்ப்பிக்க அந்நிறுவனத்தின் பழைய படங்கள் துணைநின்றன. 2014 செப்டம்பரில் சிலை இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. அப்படங்கள் மங்கலாக இருந்திருப்பின் சாட்சியம் ஏது?

ஆகவே முதலில் தேவைப்படுவது தெளிவு. பொருள் அசையாது, கைதான் அசையும். காமிராவை முக்காலியின்மீதோ, புத்தக அடுக்கின்மீதோ நிறுத்தி, தானியங்கி விசையால் படமெடுப்போம். பொருளை நெருங்க நெருங்கத் தெளிவாக விழும் ஆழம் குறையும். எனவே, வலையின் முடிச்சோ தவலையின் விளிம்போ, எது முதன்மையோ அதன்மீதே குவியத்தை நிறுத்த வேண்டும். லென்சின் துளையைச் சிறிதாக்கினால் தெளிவின் ஆழம் கூடும். மிகச் சிறிதாக்கினாலோ படம் முழுவதுமே சற்று மழுங்கிவிடும். எஃப்/8 அல்லது எஃப்/11 பெரும்பாலும் நன்று. கைபேசியில் பொருளின்மீது விரலை அழுத்திப் பிடித்தால் குவியம் அங்கேயே நிலைபெறும்.

அடுத்தது ஒளி. வண்ணமற்ற படத்தில் உருவத்தைக் காட்டுவது நிழலே. நேர்முன் ஒளி பொருளைத் தட்டையாக்கும். சன்னல் வழியே பக்கவாட்டில் விழும் காலையொளி அதன் மேடுபள்ளங்களை எடுத்துக்காட்டும். நிழல் மிகவும் கறுத்தால் எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தாளை நிறுத்துவோம்.

பின்னர்த் திருத்தம். சிவப்பு மிளகாயும் பச்சை மாங்காயும் கண்ணுக்கு வெவ்வேறானவை. சாம்பல் நிறமாக்கினாலோ ஒன்றோடொன்று கலந்துவிடக்கூடும். வண்ணப் படமாகவே எடுத்து, மாற்றும்போது சிவப்பின் அளவைக் கூட்டினால் இரண்டும் பிரிந்து தோன்றும். தேவையற்ற ஓரத்தை வெட்டலாம். கருமையில் புதைந்த பகுதியைச் சிறிது வெளிச்சமாக்கலாம். கண்ணை இழுக்கும் மூலையைச் சிறிது கறுப்பிக்கலாம். முற்காலத்தில் இருட்டறையில் ஒளியைக் கையால் மறைத்துச் செய்த பணியே இது. ஆயினும் குவியம் தவறிய படத்தை எத்திருத்தமும் மீட்காது. கூர்மையை மிகுதியாக்கினால் விளிம்புகளில் வெண்கோடுகளே தோன்றும். மூலப்படத்தைத் தனியே பாதுகாத்து, அதன் நகலிலேயே திருத்துக.

ஒன்றை மறவோம். உள்ளதைத் தெளிவாக்குவது திருத்தம். இல்லாததைச் சேர்ப்பதும் உள்ளதை அழிப்பதும் பொய். துடுப்பில் பாட்டனார் கைபட்டுத் தேய்ந்த பள்ளத்தை அழகுக்கென அழித்தால், படம் மிஞ்சும், பாட்டனார் மறைந்துவிடுவார். ஒவ்வொரு படத்தின் பின்னும் பொருளின் பெயரையும், பயன்படுத்தியவர் பெயரையும், ஆண்டையும் எழுதி வைப்போமாக. நம் பேரப்பிள்ளைகள் பெறும் சொத்தில் இதுவும் ஒன்றாகும்.